லட்லோ: சந்தையால் நிலைத்த ஓர் ஆங்கில ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மிங்காம், கார்டிஃப், மான்செஸ்டர் பக்கம் இருக்கும் நம்மவர்கள் "ஒரு நாள் எங்கேயாவது போய்வரலாம், ஆனால் லண்டன் வேண்டாம்" என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் லட்லோ. சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். அங்கே என்ன இருக்கிறது, கோட்டை பெரியதா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளும். இந்த ஊர் மேல் எனக்குள்ள பிரியம் அப்படி.

லட்லோ எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது. வடக்கே ஷ்ரூஸ்பரி சுமார் 28 மைல், தெற்கே ஹெரஃபோர்டு சுமார் 24 மைல். தீம் ஆறு வளைந்து ஓடும் ஒரு மேட்டின் மீது ஊர். மக்கள் தொகை பத்தாயிரம் சொச்சம்தான். ஆனால் இந்தச் சின்ன ஊருக்குள் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள் ஏறக்குறைய 500 இருக்கின்றன.

'சந்தை ஊர்' என்று தனியாக ஏன் சொல்கிறார்கள்? எல்லா ஊரிலும்தான் சந்தை இருக்குமே?

மத்திய கால இங்கிலாந்தில் நினைத்தவர் நினைத்த இடத்தில் சந்தை கூட்ட முடியாது. அது அரசர் தரும் உரிமை. அந்த உரிமையைப் பெற்ற நிலப்பிரபு, குறிப்பிட்ட கிழமையில் சந்தை நடத்தி, கடை போடுபவர்களிடம் சுங்கம் வாங்கிக்கொள்வார். பக்கத்து ஊர்க்காரர் போட்டிச் சந்தை போட்டால் வழக்குத்தான்.

எவ்வளவு பக்கத்தில் இருந்தால் அது போட்டி? 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டன் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். ஒருவர் ஒரு நாளில் 20 மைல் போகலாம் என்று வைத்துக்கொண்டு அந்த நாளை மூன்றாகப் பிரித்தார். முதல் பங்கு சந்தைக்குப் போக, நடுப்பங்கு வாங்க விற்க, கடைசிப் பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. ஆக 20-ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறு மைலுக்கும் கொஞ்சம் கூடுதலான தூரத்துக்குள் இன்னொரு சந்தை வரக்கூடாது. சரக்குச் சுமந்து நடந்து போகும் விவசாயியின் கால்களை வைத்துப் போட்ட கணக்கு இது. இங்கிலாந்து வரைபடத்தில் சின்ன ஊர்கள் இப்படி விட்டு விட்டு இருப்பதற்குப் பின்னால் இந்த மாதிரி கணக்குகள் இருக்கின்றன. லட்லோவிலிருந்து கிளம்பினால் டென்பரி வெல்ஸ், லெம்ஸ்டர், க்ளீபரி மார்ட்டிமர் எல்லாமே பத்து மைல் சுமாரில் வரும். அவையும் சந்தை ஊர்கள்தான்.

இந்த ஊரை முதலில் யார் கட்டினார்கள்?

1066-ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, வேல்ஸ் எல்லையைக் காக்க வரிசையாகக் கோட்டைகள் எழுப்பினார்கள். லட்லோ கோட்டை டி லேசி என்ற நார்மானியக் குடும்பம் 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கியது. ஊர் அதன் பிறகு வந்தது. தானாக வளர்ந்த ஊர் இல்லை, திட்டம் போட்டுக் கட்டியது. கோட்டை வாசலிலிருந்து கிழக்கே மேட்டின் முதுகில் அகலமான ஒரு சந்தைத் தெரு. அதிலிருந்து ஆற்றை நோக்கி நேராக இறங்கும் தெருக்கள். ஒவ்வொரு தெருவிலும் முகப்பு குறுகி, பின்பக்கம் நீண்ட மனைகள்.

அந்தச் சந்தைத் தெருவை இன்று தேடினால் முழுதாகக் கிடைக்காது. கோட்டைக்கு முன்னால் திறந்த சதுக்கம் இருக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் திடீரென்று இரண்டு மூன்று சந்துகளாகப் பிரிந்து நெருக்கடியாகிவிடும். மார்க்கெட் தெரு, ஹார்ப் சந்து என்று பெயர்கள். காரணம் எளிமையானது. சந்தை நாளில் போட்ட தற்காலிகக் கடைகளைச் சிலர் மாலையில் பிரிக்கவில்லை. அடுத்த தலைமுறை கூரை போட்டது. அதற்கடுத்தவர்கள் மாடி எழுப்பினார்கள். அகலத் தெருவின் நடுவே இப்படி ஒரு கட்டட வரிசையே முளைத்துவிட்டது. எனக்கு ஊரிலேயே ரொம்பப் பிடித்த வரலாற்றுச் சின்னம் இந்தச் சந்துகள்தான். அரசர் யாரும் கட்டியதில்லை, கடைக்காரர்கள் கட்டியது.

கோட்டையில் அப்படி என்ன நடந்தது?

நிறைய. இங்கிலாந்து அரச வரலாற்றில் மூன்று பெரிய திருப்பங்கள் இந்த மதில்களுக்குள்ளோ வாசலிலோ நடந்திருக்கின்றன.

முதலாவது 1459 அக்டோபர். அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் குலங்கள் மோதிய காலம். லட்லோ யார்க் கோமகன் ரிச்சர்டின் கோட்டை. தெற்கே லட்ஃபோர்டு பாலத்தருகே இரு படைகளும் எதிரெதிரே நின்றபோது, பிரெஞ்சுக் கரையிலுள்ள கலேயிலிருந்து ரிச்சர்டுக்குத் துணையாக வந்திருந்த அனுபவசாலி வீரர்கள் இரவோடு இரவாக லங்காஸ்டர் குல அரசர் பக்கம் போய்விட்டார்கள். ரிச்சர்டும் மகன்களும் தப்பி ஓடினார்கள். விடிந்ததும் அரசப் படை ஊரைச் சூறையாடியது. ரிச்சர்டின் மனைவி செசிலி சின்னக் குழந்தைகளோடு சந்தைச் சிலுவையடியில் நின்றிருந்தாள் என்று இன்றும் சொல்வார்கள். இரண்டே ஆண்டில் அவள் மூத்த மகன் நான்காம் எட்வர்டு என்ற பெயரில் அரசரானார். தன் குடும்பத்துக்காக அடிபட்ட ஊரை அவர் மறக்கவில்லை. 1461-ல் லட்லோவுக்குத் தன்னாட்சிப் பட்டயம் கொடுத்தார்.

இரண்டாவது 1483. எட்வர்டின் மகன் சிறுவயதிலிருந்து இந்தக் கோட்டையில்தான் வளர்ந்தான். தந்தை இறந்த செய்தி வந்தபோது அவனுக்கு 12 வயது. ஐந்தாம் எட்வர்டு ஆக முடிசூட லண்டன் கிளம்பினான். முடிசூடவே இல்லை. லண்டன் கோபுரத்தில் தம்பியோடு காணாமல் போன சிறுவன் இவன்தான்.

மூன்றாவது 1502. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், ஸ்பெயின் இளவரசி கேத்தரினை மணந்து, புதுமணத் தம்பதியாக இங்கே குடிவந்தார். சில மாதங்களிலேயே, ஏப்ரல் 2 அன்று, 15 வயதில் நோயில் இறந்தார். தம்பி எட்டாம் ஹென்றி அரியணை ஏறி அண்ணியையே மணந்தார். பின்னாளில் அந்த மணத்தை ரத்து செய்யக் கேட்டபோது, லட்லோவில் அந்தச் சில மாதங்கள் அந்த இளம் ஜோடி உண்மையில் கணவன் மனைவியாக வாழ்ந்தார்களா என்பதே வழக்கின் மையமானது. ரோமிலிருந்து இங்கிலாந்துத் திருச்சபை பிரிந்த கதையில் லட்லோவுக்கு இப்படி ஒரு பங்கு.

இதெல்லாம் போக, வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் ஆண்ட கவுன்சில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு இங்கிருந்துதான் இயங்கியது. அதனால் வழக்கறிஞர்கள், எழுத்தர்கள், வழக்காட வந்தவர்கள், அவர்களுக்கான சத்திரங்கள் என்று ஊர் நிரம்பி வழிந்தது. கார்வ் தெரு முனையில் மரச்சட்டச் செதுக்கலோடு நிற்கும் ஃபெதர்ஸ் விடுதியின் முகப்பைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1619-ல் அதை எழுப்பியவர் ஒரு வழக்கறிஞர்.

கவுன்சில் போன பிறகு ஊர் என்ன ஆனது?

1689-ல் கவுன்சிலைக் கலைத்தார்கள். கோட்டையைக் கவனிக்க ஆள் இல்லை. கூரையின் ஈயத்தகட்டை உரித்தார்கள், மழை இறங்கியது, கோட்டை இடிந்தது. அரசாங்க அலுவலகம் போய்விட்டால் ஊரும் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்போம். லட்லோ போகவில்லை. ஏன் என்றால் சந்தை போகவில்லை.

சுற்றுக் கிராமத்து மக்களுக்கு வெண்ணெய் விற்கவும் கம்பளி விற்கவும் துணி வாங்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. அரசர் யார், கவுன்சில் இருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். 1740-களில் ஊர்க்காரர்கள் சந்தைத் தெருவின் கோடியில் பட்டர்கிராஸ் என்ற கல் மண்டபத்தைக் கட்டினார்கள். கீழே தூண்களுக்கிடையே வெண்ணெய் வியாபாரம். மேலே அறை, அதற்கும் மேலே கடிகாரம். இன்று மேல்மாடியில் ஊரின் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது.

அதே காலத்தில் சுற்றுவட்டாரச் செல்வந்தர்கள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வீடு கட்டினார்கள். பட்டர்கிராஸிலிருந்து இறங்கும் பிராட் தெருவின் இன்றைய தோற்றம் அப்படி வந்தது. பல வீடுகளுக்கு முன்பக்கம் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல், உள்ளே அதற்கு முந்தைய மரச்சட்டம். தெருவின் அடியில் பிராட் கேட் நிற்கிறது. ஊர் மதிலில் இருந்த ஏழு வாசல்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையுறை தைப்பது பெரிய தொழிலாக இருந்தது. வெளிநாட்டுக் கையுறை இறக்குமதி தொடங்கியதும் அது படுத்துவிட்டது. 1852-ல் ரயில் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெரிய ஆலைகள் வராததால்தான் பழைய ஊர் தப்பியது. அன்று அது ஊருக்கு நஷ்டம், இன்று அதுவே சோறு போடுகிறது.

நமக்கும் லட்லோவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ரொம்ப நேரான தொடர்பு. ஆனால் கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ஆற்காட்டுக் கோட்டையை 1751-ல் பிடித்து வைத்துக்கொண்டு பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ் ஷ்ராப்ஷயர்காரர். இந்தியாவில் சேர்த்த செல்வத்தோடு திரும்பி இந்த மாவட்டத்தில் நிலம் நிலமாக வாங்கினார். லட்லோவை அடுத்த பிராம்ஃபீல்டில் உள்ள ஓக்லி பார்க் எஸ்டேட்டும் அதில் அடக்கம். அவர் மகன் எட்வர்டு கிளைவ் 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்து அவருக்குக் கிடைத்த பதவி சென்னை கவர்னர். 1798 முதல் 1803 வரை ஜார்ஜ் கோட்டையில் இருந்தார்.

அந்த ஐந்து ஆண்டுகளில் தென்னிந்தியாவில் என்ன நடந்தது என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்து திப்பு சுல்தான் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களை. அதே 1801-ல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி உரிமையை உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மேலிருந்து ஆட்டுவித்தவர் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி என்றாலும், சென்னையில் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் லட்லோவின் பழைய எம்.பி.தான். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் கட்டடமும் அவர் காலத்தில் கட்டியது. கம்பெனியின் வெற்றிகளைக் கொண்டாட எழுப்பிய விருந்து மண்டபம் அது.

அவர் மனைவி ஹென்ரியட்டா, போவிஸ் பிரபு குடும்பத்துப் பெண். 1800-ல் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு மைசூர், திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று மாதக்கணக்கில் தென்னிந்தியாவைச் சுற்றினார். அந்த மகள்களில் இளையவர் சார்லட், பின்னாளில் விக்டோரியா இளவரசிக்கு ஆசான் பொறுப்பில் இருந்தவர்.

ஊர் திரும்பிய எட்வர்டு 1804-ல் போவிஸ் பிரபு ஆனார். ஏற்கெனவே குத்தகையில் இருந்த லட்லோ கோட்டையை 1811-ல் அரசிடமிருந்து 1,560 பவுனுக்கு விலைக்கு வாங்கினார். இன்றும் கோட்டை போவிஸ் பிரபு குடும்பத்தின் வசம்தான் இருக்கிறது. ஆகவே அந்த மதிலைத் தொட்டுப் பார்க்கும்போது, அது கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட காலத்துச் சென்னை கவர்னர் விலைக்கு வாங்கிய மதில் என்பது ஒரு தமிழருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோபத்துக்காகச் சொல்லவில்லை. அழகான ஊரில் நம் வரலாறும் கலந்திருக்கிறது. தெரிந்து பார்ப்பது வேறு, தெரியாமல் பார்ப்பது வேறு.

இந்தக் கதையை முழுதாகப் பார்க்க விரும்பினால் வெல்ஷ்பூல் அருகே உள்ள போவிஸ் கோட்டைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். திப்புவின் பூவேலைத் துணிக்கூடாரம் அங்கே இருக்கிறது.

நேஷனல் டிரஸ்ட் அட்டை இருந்தால் லட்லோ கோட்டைக்கு இலவசமா?

இல்லை. இரண்டுமே பழங்கால இடங்களைப் பராமரிக்கும் அமைப்புகள்தான், ஆனால் இது தனியார் கோட்டை என்பதால் அந்த அட்டையும் செல்லாது, இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அட்டையும் செல்லாது. டிக்கெட் வாங்க வேண்டும். வாங்கலாம், தகும். உள்ளே 12-ஆம் நூற்றாண்டு வட்டவடிவச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. கூரை இல்லை, ஆனால் சுவரோரம் ஓடும் சிறு வளைவு வரிசை இன்னும் கூர்மையாக நிற்கிறது. இங்கிலாந்தில் வட்டமாகக் கட்டிய இத்தகைய ஆலயங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. செலவு வேண்டாம் என்றால் மதிலுக்கு வெளியே சுற்றிவரும் நடைபாதை இலவசம். 1770-களில் போவிஸ் குடும்பத்தார் பொதுமக்களுக்காகப் போட்ட பாதை அது.

புனித லாரன்ஸ் தேவாலயத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் கோபுரம் இதனுடையது. கம்பளிப் பணமும், பால்மர்ஸ் கில்டு என்ற ஊர்ச் சங்கத்தின் பணமும் சேர்ந்து 15-ஆம் நூற்றாண்டில் பெரிதாக்கியது.

உள்ளே நேராகப் பாடகர் இருக்கைகளுக்குப் போங்கள். மடக்கி நிமிர்த்தும் மர இருக்கைகள். ஒவ்வொன்றின் அடியிலும் செதுக்கல் உண்டு. அவற்றில் பீர் விற்பவள் ஒருத்தியின் காட்சி இருக்கிறது. அளவில் ஏமாற்றியவள். பிசாசு ஒன்று அவளைத் தோளில் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போகிறது. கையில் குவளையை இன்னும் விடவில்லை. ஒரு பக்கம் ஒரு பிசாசு அவள் பாவப் பட்டியலை நீளச் சுருளிலிருந்து படிக்கிறது. இன்னொன்று பைக்குழல் வாசிக்கிறது. எதிர்ப்பக்கம் நரகத்தின் வாய் திறந்திருக்கிறது. கொலைகாரனையோ துரோகியையோ அல்ல, படியளவில் குறைத்தவளைத்தான் நரகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். சந்தையை நம்பிப் பிழைத்த ஊர் எதைப் பெரிய பாவமாக நினைத்தது என்பது இந்த ஒரு பலகையில் தெரிந்துவிடும்.

சந்தை இன்றும் உண்மையில் நடக்கிறதா? எந்தக் கிழமை?

நடக்கிறது. திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாட்களும் கோட்டை முன் சதுக்கத்தில் பொதுச்சந்தை. காய்கறி, பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி, செடிகள், துணி, பழைய புத்தகம் என்று கலவையாக இருக்கும். மாதத்தின் இரண்டாவது, நான்காவது வியாழக்கிழமைகளில் சுற்றுவட்டார விளைபொருளுக்கென்றே தனிச் சந்தை. சில ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தை. கிளம்புமுன் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், திருவிழா நாட்களில் மாறும்.

சதுக்கம் இவ்வளவு விசாலமாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே விக்டோரியா காலத்துச் செங்கல் நகர மண்டபம் ஒன்று இருந்தது. 1986-ல் இடித்துவிட்டார்கள். இடித்தது சரியா என்று கேட்டால் பழைய ஆட்களிடம் இரண்டு விதமான பதிலும் வரும். என் கருத்து, சந்தை வெட்டவெளிக்குத் திரும்பியது ஊருக்கு நல்லதாகவே முடிந்தது.

காலையில் போங்கள். மதியத்துக்குப் பிறகு கடைகளைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் என்கிறார்களே?

ஆமாம். 1995-ல் ஊர் வியாபாரிகள் சேர்ந்து உணவுத் திருவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் கோட்டைக்குள்ளேயே நடக்கும். பிரிட்டனில் இந்த வகைத் திருவிழாக்களுக்கு அது முன்னோடி. ஊர்க் கசாப்புக் கடைகள் செய்யும் சாசேஜ்களைக் கடை கடையாகப் போய்ச் சுவைத்து மதிப்பெண் போடும் போட்டி அதில் ரொம்பப் பிரபலம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்தாயிரம் பேர் வாழும் இந்த ஊரில் ஒரே சமயத்தில் மூன்று உணவகங்களுக்கு மிஷலின் நட்சத்திரம் இருந்தது. அவை மூன்றுமே இப்போது இல்லை. நடத்தியவர்கள் லண்டன் போனார்கள், ஓய்வு பெற்றார்கள். ஆனால் அடித்தளம் போகவில்லை. தனியார் கசாப்புக் கடைகள், ரொட்டிக் கடைகள், பாலாடைக்கட்டிக் கடை, ரயில்வேயின் பழைய சரக்குக் கொட்டகையில் நடக்கும் பீர் ஆலை என எல்லாம் இருக்கின்றன. நட்சத்திரத்துக்காகப் போகிறவர்களைவிட நல்ல ரொட்டிக்காகப் போகிறவர்கள்தான் இங்கே திருப்தியாகத் திரும்புவார்கள்.

சைவர்கள் என்ன சாப்பிடுவது?

கவலை வேண்டாம். எல்லாக் காபிக் கடைகளிலும் சைவ சூப், சாண்ட்விச், கேக் உண்டு. முட்டை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இட்லி தோசை எதிர்பார்க்காதீர்கள். கோயிலுக்கும் போக விரும்பினால், பர்மிங்காம் பக்கம் திரும்பும் வழியில் டிவிடேல் வேங்கடேசுவரர் கோயிலைச் சேர்த்துக்கொள்ளலாம். பல குடும்பங்கள் அப்படித்தான் திட்டம் போடுகிறார்கள்.

சூப்பர்மார்க்கெட் எல்லாம் உண்டா?

டெஸ்கோவும் ஆல்டியும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. டெஸ்கோ வந்தால் சின்னக் கடைகள் செத்துவிடும் என்று ஊரே பல ஆண்டுகள் எதிர்த்தது. கடைசியில் ஊரின் தோற்றத்துக்குப் பொருந்தும்படி, பின்னாலுள்ள மலைகளின் வளைவை ஒத்த கூரையோடு கட்ட வேண்டியதாயிற்று. சின்னக் கடைகள் சாகவில்லை. மாவு, எண்ணெய் வாங்க டெஸ்கோ, இறைச்சி, காய் வாங்கச் சந்தை என்று மக்கள் பிரித்துக்கொண்டார்கள்.

எப்படிப் போவது? காரை எங்கே விடுவது?

மான்செஸ்டர், கார்டிஃப் இடையே ஓடும் வேல்ஸ் ரயில்கள் லட்லோவில் நிற்கும். ஷ்ரூஸ்பரியிலிருந்து அரை மணி நேரம், ஹெரஃபோர்டிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். பர்மிங்காமிலிருந்து வருபவர்கள் ஷ்ரூஸ்பரியிலோ ஹெரஃபோர்டிலோ மாற வேண்டும். நிலையத்திலிருந்து சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை, கொஞ்சம் ஏற்றம்.

காரில் வந்தால் ஏ49 சாலை. சந்தை நாளில் மேட்டுத் தெருக்களில் இடம் தேடி அலையாதீர்கள். ஊரின் கிழக்கு விளிம்பில், ஏ49-ஐ ஒட்டிக் காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறும் நிறுத்தம் இருக்கிறது.

அங்கேயே குடியேறினால் மருத்துவம், பள்ளி, பொழுதுபோக்கு எப்படி?

குடும்ப மருத்துவர் மையங்கள் உண்டு. சமூக மருத்துவமனை ஒன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்கான வேலை இல்லமாக இருந்த வளாகத்தில் அது நடக்கிறது. சின்னக் காயங்களுக்கு அங்கே சிகிச்சை கிடைக்கும். நெஞ்சுவலி, பிரசவம் என்றால் ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு, ஹெரஃபோர்டு என்று போக வேண்டும். வயதான பெற்றோரை உடன் வைத்திருப்பவர்கள் வீடு பார்க்குமுன் இதை முதலில் யோசியுங்கள்.

தொடக்கப் பள்ளிகளும் 16 வயது வரையிலான ஒரு மேல்நிலைப் பள்ளியும் இருக்கின்றன. நூலகம் நன்றாக இருக்கும். நீச்சல் குளத்தோடு விளையாட்டு மையம் இருக்கிறது. சதுக்கத்திலேயே 1840-ல் கட்டிய அசெம்ப்ளி ரூம்ஸ் இன்று சினிமாவும் நாடக மேடையும் ஆகியிருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஒரு திரையரங்கம் என்பது இந்த நாட்டில் சாதாரணமில்லை. பிராம்ஃபீல்டில் குதிரைப் பந்தயத் திடல்.

வேலை? அதுதான் சிக்கல். சுற்றுலா, கடை, பராமரிப்பு இல்லங்கள், விவசாயம். ஓய்வு பெற்றவர்கள் நகரங்களிலிருந்து வந்து வீடு வாங்குவதால் விலை ஏறுகிறது, உள்ளூர் இளைஞர்கள் வெளியே போகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும் ஊர் இது. தினமும் பர்மிங்காம் போய்வர நினைப்பவர்களுக்குப் பொருந்தாது.

குழந்தைகளுக்குக் காட்ட ஏதாவது?

டின்ஹாம் பாலத்தருகே ஆற்றங்கரைப் புல்வெளி. தடுப்பணையில் தண்ணீர் விழுவதையும் வாத்துகளையும் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் இருப்பார்கள். பாலத்தைத் தாண்டி விட்கிளிஃப் மேட்டில் ஏறினால் கோட்டை, கோபுரம், பின்னால் க்ளீ மலைகள் எல்லாம் ஒரே பார்வையில் விரியும். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் அந்த மேட்டின் பாறைகளைக் காட்டுங்கள். சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி. 1830-களில் ராடரிக் மர்ச்சிசன் என்ற புவியியலாளர் இந்தப் பாறைகளை ஆராய்ந்தார். இன்று உலகம் முழுக்கப் புவியியல் கால அட்டவணையில் ஒரு காலகட்டத்துக்கு 'லட்லோ' என்றே பெயர். லட்ஃபோர்டு முனையில், பாலத்தைக் கடந்ததும் சாலையோரச் சுவர்ப்பாறையில், மீன்களின் பல், செதில், எலும்புத் துணுக்குகள் அடங்கிய மெல்லிய படிவம் ஒன்று ஓடுகிறது. அங்கே எடுத்த கற்களிலிருந்துதான் சிலந்தி இனத்தைச் சேர்ந்த, நிலத்தில் வாழ்ந்த மிகப் பழைய உயிரினங்களில் ஒன்றை 1990-ல் அடையாளம் கண்டார்கள். சுத்தியல் கொண்டு போகாதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம். கண்ணால் பார்த்தால் போதும்.

ஊரில் குறையே இல்லையா?

இருக்கிறது. தேவாலய வளாகத்தை ஒட்டிய மத்திய கால ஊர் மதிலின் ஒரு துண்டு 2013 பிப்ரவரியில் சரிந்து விழுந்தது. செலவை யார் ஏற்பது, யார் பொறுப்பு என்ற இழுபறியில் பத்து ஆண்டு தாண்டியும் தடுப்புவேலி அங்கேயே நின்றது. பழமையை விற்றுப் பிழைக்கும் ஊர் தன் மதிலை இத்தனை காலம் அப்படியே போட்டு வைத்தது எனக்கு வருத்தம்தான். 13-ஆம் நூற்றாண்டில் மதில் கட்டச் சந்தைக்கு வரும் சரக்கின் மேல் வரி போட அரசர் அனுமதி கொடுத்தார். விற்க வந்தவர்கள் கொடுத்த காசில் எழுந்த மதில் அது.

வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் சமாளிக்க முடியுமா?

சதுக்கம், பட்டர்கிராஸ், தேவாலயம் மூன்றும் மேட்டின் உச்சியில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அங்கே பிரச்சினை இல்லை, சில இடங்களில் கல் பாவிய தரை மட்டும் குலுக்கும். பிராட் தெருவும் மில் தெருவும் நல்ல இறக்கம். இறங்குவது சுகம், ஏறும்போது மூச்சு வாங்கும். கோட்டைக்குள் வெளி முற்றம் புல்தரை, கோபுரங்களில் குறுகிய சுழல்படிகள். முழங்கால் வலி இருப்பவர்கள் முற்றத்தோடு நின்றுகொள்ளலாம், அங்கிருந்தே பெரும்பாலானவை தெரியும். ஆற்றங்கரைக்குப் போக வேண்டுமானால் யாராவது ஒருவர் காரை டின்ஹாம் வழியாகக் கீழே கொண்டுவந்து இறக்கிவிடுவது நல்லது.